மூன்றாவது முறை கேட்ட பூ

அன்றைக்கு உங்களுக்கு நடந்த வரவேற்புக் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். அரசுத் தரப்பு வக்கீலாகப் புதிதாக நிற்கப் போகிறவர்கள், இஸ்திரி கலையாத கோட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் மைக்கைப் பிடித்து, "நல்லா இருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். கிழவிக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். மறதியெல்லாம் இல்லை. சால்வை போர்த்துகிற மேடையில் சொல்லும்படியாக என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

காப்பி நேரத்தில் உங்களில் ஒரு பெண் என்னிடம் வந்து, "மேடம், சம்மதம்னா என்னன்னு சட்டத்துலயே தெளிவா எழுதிட்டாங்களே, இனிமே நமக்கு வேலை சுலபம்தானே?" என்று கேட்டாள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் அழுகை வரும்போல இருந்தது. வடையை வாயில் போட்டுக்கொண்டு தப்பித்தேன். அவளுக்குச் சொல்லாமல் விட்ட பதில்தான் இது.

சட்டம் தெளிவுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. நான் கோட்டுப் போட ஆரம்பித்த காலத்தில், காயம் எங்கே, கத்தினாளா, கடித்தாளா என்று கேட்டுக் கேட்டே பலாத்கார வழக்கைக் கொன்றுவிடுவார்கள். பிறகு மாற்றினார்கள். அந்தக் குறிப்பிட்ட செயலுக்கு, அவளாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல், பேச்சாலோ சைகையாலோ தெரிவிக்கிற விருப்பம்தான் சம்மதம் என்று எழுதினார்கள். எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தால் அவள் சம்மதித்தாள் என்று சொல்லக்கூடாது என்றும் சேர்த்தார்கள். அந்த வரிகளை முதன்முதலாகப் படித்த அன்று வீட்டில் பாயசம் வைத்தேன். என் கணவர் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்.

நான் ஆத்தூர்க்காரி. நாமக்கல் பக்கத்து மகளிர் நீதிமன்றம் ஒன்றில் அரசு வக்கீலாகச் சேர்ந்தபோது, எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த பெரியவர் வழக்குக் கட்டுகளை ஒப்படைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "சாட்சி மாறினா கூண்டைப் பார்த்துக் கோபப்படாதம்மா. ரூமுக்குள்ள வேற யாரு இருக்காங்கன்னு திரும்பிப் பாரு." சாட்சி மாறுவது என்றால் தெரியும்தானே? போலீஸிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் சொன்னதைக் கூண்டில் ஏறி இல்லை என்பது. பிறழ் சாட்சி என்று நாம் எழுதுவோம். என் காலத்தில் நிறையப் பார்த்தேன். ஒருத்தியை மட்டும் மறக்க முடியவில்லை.

சட்டப்படி அவள் பெயரைச் சொல்லக்கூடாது, எனக்கும் சொல்ல விருப்பமில்லை. ஊர், திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, கோழித் தீவனம் சோதிக்கிற லேப் ஒன்றில் வேலை பார்த்தாள். அத்தை பையனுக்குப் பேசி, உறுதி வார்த்தையும் முடித்திருந்தார்கள். இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டு, கல்யாணம் உறுதி என்று சொல்வது அந்தப் பக்கத்து வழக்கம். பையன் ரிக் வண்டியில் வேலை. வருஷத்தில் பெரும்பகுதி வடக்கே எங்காவது போர்வெல் போட்டுக்கொண்டிருப்பான், மழைக்காலத்தில் வண்டி ஊருக்குத் திரும்பினால் அவனும் திரும்புவான். அவளுக்கு அவனைப் பிடிக்காமல் இல்லை, இதைக் கவனியுங்கள். கல்யாணத்துக்கு அவளைக் கேட்டார்கள், சரி என்றாள். முகூர்த்தப் புடவையின் நிறத்தைக்கூட அவள்தான் சொன்னாள்.

அந்த மழைக்காலத்தில், வீட்டார் எல்லோரும் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்த பகலில் அவன் வந்தான். "வேண்டாமுங்க மச்சா, கல்யாணம் முடியட்டும்" என்று அவள் சொன்னாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அவன் கேட்கவில்லை. அவள் கத்தவில்லை. கத்தினால் அக்கம்பக்கத்தார் வருவார்கள், வந்தால் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்குத் தலைகுனிவு என்று அந்த நேரத்திலும் நினைத்திருக்கிறாள். மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலத்தில் அவளே சொன்னது இது. அந்த இடத்தைப் படித்துவிட்டு நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அடிக்கவில்லை, திட்டவில்லை. தலையைத் தடவிக்கொடுத்து, "கட்டிக்கப் போறவன்தானே சாமி. இன்னும் ஒரு மாசந்தான். ஆருகிட்டயும் சொல்லிப் போடாத" என்றாள். கல்யாணத்தை நிறுத்துங்கள் என்று இவள் அழுதாள். பத்திரிகை அடித்தாகிவிட்டது என்றார்கள். ஒரு நாள் லேப்பிலிருந்து நேராகப் பஸ் ஏறி மகளிர் காவல் நிலையத்துக்குப் போய்விட்டாள். துணைக்கு ஒரு ஆள் கிடையாது. வழக்குப் பதிவானது, அவன் கைதானான், கல்யாணம் நின்றது.

ஜாமீன் மனு வந்தபோது எதிர்த்தரப்பு வக்கீல் பேசியதை இன்றைக்கும் அப்படியே சொல்வேன். "உறுதி வார்த்தை முடிஞ்சாச்சு. நாளைக்குச் சரிங்கற பொண்ணு இன்னைக்கு வேண்டாம்னாளாம். அதுவும் எப்படி? 'வேண்டாமுங்க'ன்னு மரியாதையா. இதைப் போய் மறுப்புன்னு பையன் எப்படிங்க எடுத்துக்குவான்?" நீதிமன்றத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஊரில் நாயைத் துரத்துவதென்றாலும் மரியாதையோடு துரத்துவார்கள், அதற்காக நாய் உள்ளே வரலாம் என்று அர்த்தமா என்று கேட்டேன். என் பேச்சு கண்ணியமாக இல்லை என்று அந்த வக்கீல் ஆட்சேபித்தார். ஜாமீன் கிடைத்துவிட்டது.

அவளை நான் முதலில் நேரில் பார்த்தது விசாரணைக்குக் கொஞ்ச நாள் முன்னால். ஒல்லியான பெண், கேட்டதற்கு மேல் பேசமாட்டாள். போகும்போது மட்டும் நின்று, "மேடம், நான் கல்யாணத்துக்குத்தானுங்க சரின்னேன்" என்றாள். சட்டம் இத்தனை வார்த்தையில் சொல்வதை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். இந்த வழக்கு ஜெயிக்கும் என்று அன்றைக்கு நம்பினேன். நம்பிக்கை வந்தால் ஜாக்கிரதையாக இருங்கள், நம்முடைய தொழிலுக்கு அது ஆகாது.

விசாரணைத் தேதி தள்ளித் தள்ளிப் போனது. ஏன் என்று கேட்காதீர்கள், நீங்களே பார்ப்பீர்கள். அந்த இடைவெளியில் அவள் வீட்டில் நடந்ததெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வேலைக்குப் போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். உறவில் யாரும் எந்த விசேஷத்துக்கும் அழைக்கவில்லை. அப்பா அவளோடு பேசுவதை விட்டுவிட்டார். ஒரு வீட்டில் ஒரு பெண்ணை உடைக்கக் கை ஓங்க வேண்டியதே இல்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். அதை எந்தச் செக்சனில் எழுதுவீர்கள்?

சாட்சி சொல்ல வேண்டிய காலையில் அவள் தலை நிறைய மல்லிகையும் நெற்றியில் திருநீறுமாக வந்தாள். கூடவே அம்மா, கையில் மஞ்சள் பை. என்னைப் பார்த்ததும் அம்மா கும்பிட்டாள்.

"ஏனுங்க மேடம், இன்னிக்கோட கேஸ் முடிஞ்சுருமுங்களா? முடிஞ்சா வர்ற முகூர்த்தத்துலயே வெச்சரலாம்னு இருக்கறமுங்க."

"எதை வெச்சுர்றீங்க?"

"கல்யாணத்தைத்தானுங்க. சாமியே பூ குடுத்துருச்சுங்க. அதுக்கு மேல ஆரு என்ன சொல்ல முடியுமுங்க? புள்ள வாழோணுமில்லீங்க. கோர்ட்டா வந்து வாழ வெக்கப் போவுது?"

உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காரியம் செய்யலாமா கூடாதா என்று தெரியாதபோது குலதெய்வத்திடம் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சாமியின் காலடியில் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. நானும் சாமி கும்பிடுகிறவள்தான், எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

அவளைத் தனியாக என் அறைக்குள் கூப்பிட்டுப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று சாட்சிக்கு நாம் சொல்லிக்கொடுக்கக் கூடாது, சொல்லிக்கொடுக்கவும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

"உண்மையை மட்டும் சொல்லும்மா. அது உன் இஷ்டம். ஒண்ணு தெரிஞ்சுக்க. இன்னைக்கு நீ 'வேண்டாம்னு சொன்னேன்'னு சொன்னா, அதைக் கேக்கறதுக்குச் சட்டத்துல ஒரு செக்சன் இருக்கு. தாலி ஏறினப்புறம் அதே ஆளு அதையே செஞ்சா, நீ எத்தனை தடவை வேண்டாம்னாலும் அந்தச் செக்சன் வராது. மனைவின்னா அதுல விலக்கு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "புருசன்னா கேக்கவே வேண்டியதில்லீங்களா?"

"அந்தச் செக்சனைப் பொறுத்தவரைக்கும் இல்லை."

அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் டவாலி வழக்கு எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்.

மூடிய நீதிமன்றம். நீதிபதி அம்மா, டைப்பிஸ்ட், எதிர்த்தரப்பு வக்கீல், திரைக்கு அந்தப் பக்கம் அவன். பெண்ணுக்குத் துணையாக அம்மா மட்டும் பின்பெஞ்சில். பெயர், படிப்பு, வேலை என்று கேட்டுக்கொண்டே வந்து அந்தப் பகலுக்கு வந்தேன். அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "என்ர சம்மதத்தோடதானுங்க" என்றாள். டைப்பிஸ்ட் அடித்துவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். உங்களுக்கும் இந்த நிமிஷம் வரும், யோசிக்க நேரம் தரமாட்டார்கள். படித்த பாடப்படி, சாட்சி பிறழ்ந்துவிட்டார், குறுக்கு விசாரணைக்கு அனுமதி வேண்டும் என்று கேட்டு, பழைய வாக்குமூலத்தை வரிவரியாக அவள் முகத்துக்கு நேரே படிக்க வேண்டும். அவள் தன் வாயால் சொன்ன ஒவ்வொன்றையும் தன் வாயாலேயே பொய் என்பாள். அவளைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது, அதை மறைக்க மாட்டேன். அப்போது பெரியவர் சொன்னது ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா மஞ்சள் பையை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, உதடு அசைய வேண்டிக்கொண்டிருந்தாள்.

சாட்சியின் தாயார் வெளியே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எதிர்த்தரப்பு எழுந்து கத்தியது. நீதிபதி ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, சரி என்றார். கதவு மூடிய பிறகு நான் ஒரே கேள்விதான் கேட்டேன்.

"அவர் வீட்டுக்கு வந்த அன்னைக்கு உனக்குச் சம்மதமா?"

நீதிபதி அவசரப்படுத்தவில்லை. பிறகு அவள், என்னிடம் இல்லை, நீதிபதியிடம் பேசினாள்.

"பூ வந்துருச்சுங்கம்மா."

"என்ன பூ?"

"கோயல்ல பூக்கட்டிப் பாத்தாங்க. மொதத் தடவ செவப்பு வந்துச்சுங்க. மனசு சுத்தமில்லாமக் கேட்டுட்டம்னு தலைக்குத் தண்ணி வாத்துட்டு வந்து மறுக்கா கேட்டாங்க. அப்பவும் செவப்புத்தானுங்க. மூணாந்தடவ என்னையே எடுக்கச் சொன்னாங்க. வெள்ளை வந்துச்சுங்க."

நீதிபதியும் இந்தப் பக்கத்துக்காரர்தான். "மூணாவது தடவை நீ எடுத்தது தானா வந்ததா?" என்று கேட்டார்.

கூண்டில் ஏறியதிலிருந்து அவள் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினாள். "பொட்டலம் ரெண்டுலயும் வெள்ளைதானுங்கம்மா. அம்மா கட்டறப்பப் பாத்தேன்."

"தெரிஞ்சேவா எடுத்த?"

"எடுக்கச் சொன்னாங்க. எடுத்தேனுங்க."

டைப்பிஸ்டின் கை நின்றுவிட்டது. சாமி இரண்டு தடவை இல்லை என்று சொல்லியிருக்கிறது, அதையும் யாரும் காதில் வாங்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, இது வழக்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம், கேள்வி அந்தப் பகலைப் பற்றியது, கோயிலைப் பற்றியது இல்லை என்றார். சட்டப்படி அவர் சொன்னதைத் தள்ள முடியாது. நீதிபதி மிக மெதுவாக, "கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா. அன்னைக்கு உனக்குச் சம்மதமா, இல்லையா?" என்றார்.

அவள் மூடிய கதவைப் பார்த்தாள். "சம்மதந்தானுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைச் செய்தேன். அனுமதி கேட்டேன், வாக்குமூலத்தைப் படித்தேன், "இல்லீங்க, இல்லீங்க" என்று எல்லாவற்றையும் மறுத்தாள். "வேண்டாமுங்க மச்சா" என்ற வரி வந்தபோது மட்டும் வாயால் சொல்லவில்லை, இல்லை என்று தலையை ஆட்டினாள். பொய் சாட்சி என்று அவள்மேல் நடவடிக்கை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், நீதிபதி ஒப்புக்கொண்டார். அவனை விடுதலை செய்தார்கள். மேல்முறையீட்டுக்கு எழுதினேன், முகாந்திரம் இல்லை என்று திரும்பி வந்தது. அதற்குள் அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணமும் நடந்துவிட்டது. கோர்ட்டில் அன்று வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை. தோன்றினால் எனக்கு எழுதுங்கள்.

இப்போது காப்பிக் கோப்பையோடு என்னிடம் வந்த பெண்ணுக்குச் சொல்கிறேன். வேலை சுலபம் இல்லை. கத்தினாயா என்று கேட்காதே, என்ன சொன்னாய் என்று கேள். உறுதி வார்த்தை, காதல், முறைப்பையன் என்று எதைக் காட்டினாலும், எதற்குச் சரி என்றாள் என்பதைத் தனியாகக் கேள். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேள். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துவிட்டுத் தோற்கவும் பழகிக்கொள். நான் இதையெல்லாம் செய்துதான் தோற்றேன்.

நான் விலகிய பிறகு புதுச் சட்டம் வந்தது. மனப்பாடமாக வைத்திருந்த எண்கள் எல்லாம் மாறிவிட்டன. முந்நூற்று எழுபத்தைந்து இப்போது அறுபத்து மூன்று. எருமப்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் பெண்களுக்கான சட்ட விழிப்புணர்வு முகாம் என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மகளிர் குழுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சம்மதம் என்றால் என்ன என்பதை எளிமையாகச் சொன்னேன். புதுச் சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றேன். வந்திருந்த அதிகாரிகள் கைதட்டினார்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றதும் கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்தாள்.

"மேடம், பொண்டாட்டின்னா விலக்குன்னு சொன்னீங்களே. புதுச் சட்டத்துல அதை எடுத்துட்டாங்களா?"

அந்த முகாமில் நான் விலக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், மற்றபடி அவளேதான்.

"இல்லம்மா. அது அப்படியேதான் இருக்கு."

"சரிங்க" என்று உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் முடிந்து குழுப் பெண்கள் டீ கொடுத்தார்கள். என் டம்ளரை அவள்தான் கொண்டுவந்தாள். நல்லா இருக்கியா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, அதில் மனுப் போடலாம் என்றேன். பிரிந்து வாழ்ந்தால் அப்போது வேறு செக்சன் வரும் என்றும் சொன்னேன். பேசப் பேச என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"பிரிஞ்சு எங்கீங்க போறது? எங்கம்மா ஊட்டுக்குங்களா?" என்று லேசாகச் சிரித்தாள். பிறகு, நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

"அன்னைக்குக் கோர்ட்ல ஒண்ணு கேட்டீங்களே மேடம், சம்மதமான்னு."

"ஆமா."

"இல்லீங்க. அன்னைக்கும் இல்லீங்க. அதுக்கப்புறம் ஒரு நாளும் இல்லீங்க."

நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இப்பச் சொன்னா எழுதிக்குவாங்களா?"

"மாட்டாங்கம்மா."

"தெரியுமுங்க" என்றாள். "நீங்க கேட்டீங்கல்ல, அதான் சொன்னேன்." என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, மற்ற டம்ளர்களையும் எடுக்கப் போய்விட்டாள்.